வண்டிக்குள் ஒரு சாட்சி



யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக எங்கள் புங்குடுதீவுக்கு வரும் எவரும், இறுதியில் வாணர் தாம்போதி என மக்கள் அழைக்கும் நீண்ட கடற்பாதையில் ஏறியே ஆகவேண்டும். இருமருங்கும் நீர், நடுவே வீதி. நயினாதீவு நாகபூஷணி அம்மன் திருவிழாக் காலத்திலோ, குறிகட்டுவான் துறையை நோக்கி விரையும் வாகனங்கள் எண்ணிலடங்கா. இத்தகைய பாதையில் ஒரு விபத்து நேருமாயின், பிழை யாருடையது என்று உரைக்கச் சாட்சி யார்? நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகளைத் தவிர வேறெவரும் இல்லை.

இக்குறையைப் போக்க வந்த சிறு கருவியே டாஷ் கமரா. காரின் முன்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, வண்டி ஓடும் நேரமெல்லாம் எதிரேயுள்ள காட்சியைப் பதிவு செய்வது இது. 2013ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், இரசியாவின் செலியாபின்ஸ்க் நகரின்மேல் விண்கல் ஒன்று எரிந்து வெடித்த காட்சியை உலகம் கண்டது, பெரும்பாலும் அந்நாட்டுக் கார்களில் பூட்டியிருந்த இக்கமராக்களாலேயே. விண்கல்லைப் பிடிக்க எவரும் அவற்றை வாங்கவில்லை. வீதி வழக்குகளுக்கென வாங்கியவை அன்று விண்ணையும் பிடித்துத் தந்தன.

நான் கலைப் பட்டதாரி. மின்சார நுட்பம் பயின்றவனல்லன். ஆயினும் சொந்தக் கையால் ஒரு கமராவைப் பூட்டியவன் என்ற உரிமையில், மலிவும் எளிமையும் நாடுவோருக்குச் சில கூறுவேன்.

முதலாவது, தெரிவு. முன்பக்கம் மட்டும் பார்க்கும் ஒற்றைக் கமராவே தொடக்கத்திற்குப் போதும். படத்தின் தெளிவு 1080 என்ற அளவில் இருத்தல் நன்று. அதற்குக் குறைந்தால் முன் செல்லும் வண்டியின் இலக்கத் தகடு மங்கிவிடும். இரவில் எந்த மலிவுக் கமராவும் இலக்கத் தகட்டை எப்போதும் காட்டும் என்று எதிர்பாராதீர்கள். நினைவக அட்டை நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதும் சுழற்சிப் பதிவும், மோதல் அதிர்ச்சியை உணர்ந்து அந்தப் பகுதியை அழியாமற் பூட்டி வைக்கும் ஏற்பாடும் கட்டாயம் வேண்டும்.

எங்கள் வெயிலுக்கு இன்னொன்று முக்கியம். பூட்டிய காருக்குள் நண்பகற் சூடு எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள். அச்சூட்டில் லித்தியம் பற்றரி உப்பிப் பழுதடையும். அதற்குப் பதிலாகச் 'சூப்பர் கப்பாசிற்றர்' என்னும் மின்தேக்கி கொண்ட கமரா நெடுங்காலம் உழைக்கும். விலை சற்றுக் கூடினும் இதிற் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

நினைவக அட்டையிலும் அவ்வாறே. கைத்தொலைபேசிக்குரிய சாதாரண அட்டை இடையறா எழுத்தைத் தாங்காது. 'ஹை என்டியூரன்ஸ்' என்று குறித்த அட்டையைக் கேட்டு வாங்குங்கள். நிமிடத்திற்கு ஏறத்தாழ 100 மெகாபைட் எனக் கொண்டால், 64 கிகாபைட் அட்டையில் பத்து மணி நேரப் பயணம் அடங்கும். யாழ்ப்பாணம் போய்வர எமக்கு அது தாராளம்.

இரண்டாவது, பூட்டும் முறை. கண்ணாடியின் உட்புறத்தைத் துடைத்து உலர்த்துங்கள். கடற்காற்றின் உப்புப் படலம் இருந்தால் பசை பிடிக்காது. நடுக் கண்ணாடிக்குப் பின்னே, சற்று இடப்புறமாக, மழைத் துடைப்பான் துடைக்கும் எல்லைக்குள் கமராவை ஒட்டுங்கள்; சாரதியின் பார்வையை அது மறைத்தலாகாது. உறிஞ்சு கிண்ணத்தைவிட ஒட்டும் பட்டியே வெயிலைத் தாங்கும். அடிவானம் படத்தின் நடுவே தெரியுமாறு திருப்புங்கள்.

மின்கம்பியைத் தொங்க விடாதீர்கள். கூரை விளிம்பினுள் விரலால் மெல்ல நுழைத்து, இடப்புறத் தூண் வழியே இறக்கி, பொருட்பெட்டியின் கீழாகக் கொண்டுவந்து, சிகரெட் பற்றவைக்கும் துளையிற் செருகினால் முடிந்தது. தூணுக்குள் காற்றுப்பை உள்ள கார்களில் கம்பி அப்பையின் முன்னே குறுக்கிடக்கூடாது. ஐயமிருப்பின் பட்டறைக்குச் செல்லுங்கள். சில கார்களில் திறப்பை எடுத்த பின்னும் அத்துளையில் மின்சாரம் இருக்கும். அவற்றில் செருகியைக் கழற்றாவிட்டால் காரின் பற்றரி வற்றிவிடும்.

திகதியையும் நேரத்தையும் சரியாக அமையுங்கள். மாதம் ஒருமுறை அட்டையை வெறுமையாக்கி, கருவி உண்மையிலேயே பதிவு செய்கிறதா என்று பாருங்கள். எமது நாட்டின் 1995ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம், இத்தகைய பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழி செய்துள்ளது; ஆனால் விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன் எதிர்த் தரப்புக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்றும் விதித்துள்ளது. ஆகவே விபத்தின் பின் அட்டையை உடனே கழற்றி, வெட்டாமலும் ஒட்டாமலும் பேணுக.

இனி, நேயர்களே, ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். நான் இக்கமராவை வாங்கியது பிறர் பிழையைப் பிடிக்கவே. வாங்கிச் சில வாரங்களில், ஒரு மாலைப் பொழுது, தீவின் உள்வீதியில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள் என் காரின் பக்கக் கண்ணாடியில் உரசிச் சரிந்தது. விழுந்தவன் என் பழைய மாணவன், முழங்கையில் உராய்வு. ஊரவர் கூடினர். "இளம் பிள்ளைகளுக்கு வேகம் கூடிப் போயிற்று" என்று நான் கடிந்தேன். அதிபர் சொன்னால் மறுப்பவர் யார்? அவனே தலை குனிந்து, "என்ர பிழைதான், சேர்" என்றான்.

அன்றிரவு பதிவைப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற மாடொன்றுக்கு விலகிய நான், வெள்ளைக் கோட்டைத் தாண்டி அவன் பக்கத்திற் சென்றிருந்தேன். அவன் தன் ஓரத்திலேயே, நிதானமாகவே வந்திருந்தான். அந்த நான்கு வினாடிக் காட்சியைப் பலமுறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே கோடு, அதே என் கார்.

மறுநாட் காலை அவன் வீட்டிற்குச் சென்று, தாயின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். இருவரும் பொலிசாரிடம் சென்று உள்ளதை உள்ளபடி அறிவித்தோம். திருத்தச் செலவை நானே ஏற்றேன். முதல்நாள் கூடிய ஊரவரிடமும் என் பிழையைச் சொன்னேன். அதுவே எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது.

அவன் பொய் சொன்னானல்லன். பெரியவர் சொன்னதை நம்பித் தன் கண்ணையே ஐயுற்றான். நானும் பொய் சொன்னேனல்லேன். என் நினைவு எனக்குச் சாதகமாகவே பேசிற்று. இருவருக்கும் நடுவே, பதவியும் வயதும் பாராத ஒரு சாட்சி கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதை வாங்க எண்ணுவோர், அது தமக்கு எதிராகவும் பேசும் என்பதை அறிந்தே வாங்குவார்களாக.