கம்பளியும் சாயமும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றும் எளியேனுக்குச் சாயத் தொழிலைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று தாங்கள் வினவலாம். ஓய்வு நாட்களில் யானும் என் இல்லத்தாரும் கம்பளி நூலுக்குக் கையால் சாயமேற்றி வருகின்றோம். அப்பழக்கம் தந்த துணிவே என்னை இம்மேடையில் நிறுத்தியுள்ளது.

நாம் வாழவந்த கச்சிபௌலியைச் சூழ்ந்த இத்தக்காண நாடு கம்பளிக்குப் பெயர் பெற்றதாகும். குருமர் என்னும் ஆயர் குலத்தார் கருநிற ஆட்டு மயிரால் ஆக்கும் கொங்கடிப் போர்வைக்குச் சாயமே வேண்டுவதில்லை. ஆட்டின் நிறமே அதன் நிறம். வண்ணம் விரும்புவோர்க்கோ வெண்கம்பளியும் சாயமும் தேவை. 1851-ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் வாரங்கல் கம்பளங்கள் வைக்கப்பெற்றன. அக்காலத்துச் சாயங்கள் செடி, வேர், பூச்சி முதலியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. 1856-இல் பெர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டார். பின்னர்த் தோன்றிய பலவகைச் சாயங்களுள் ஒன்றே அமிலச் சாயம்.

கம்பளி, நம் தலைமயிரைப் போலவே, புரதத்தால் ஆனது. அமிலங் கலந்த நீரில் அது நேர்மின்னேற்றம் பெறுகின்றது. சாயத் துகளோ எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஈர்த்துப் பற்றிக்கொள்கின்றன. பட்டும் இவ்வாறே சாயம் ஏற்கும், பருத்தி ஏற்காது.

முறையைச் சுருங்கக் கூறுகின்றேன். 100 கிராம் கம்பளிக்கு ஒரு கிராம் சாயம் நடுத்தர நிறந்தரும். நூற்சிட்டத்தை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தல் வேண்டும். பாத்திரத்தில் மூன்று அல்லது நான்கு லிட்டர் நீர் விட்டு, வெந்நீரில் கரைத்த சாயத்தைச் சேர்த்து, வினிகரோ மூன்று கிராம் சிட்ரிக் அமிலமோ இட்டு, நூலை அமிழ்த்துக. மெல்லச் சூடேற்றிக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே அரைமணி நேரம் வைத்து, அதே நீரில் ஆறவிடுக. முறுக்கேறாத கம்பளித் திரியாயின் கிளறவே கூடாது. கிளறினாலும், சூட்டைத் திடீரென மாற்றினாலும், சடைபிடித்து இறுகிவிடும். சாயப் பொடியைக் கையாளுங்கால் மூக்கை மூடிக்கொள்க. அப்பாத்திரத்தை மீண்டும் அடுக்களையில் புழங்கலாகாது.

இனி, யான் கூறவந்த தலையாய செய்தி இதுவே: சாயமேற்றியவரின் திறத்தை நூலின் அழகில் மட்டும் காணாதீர்கள், பாத்திரத்தில் எஞ்சிய நீரிலும் காணுங்கள். அந்நீர் தெளிந்திருப்பின் சாயம் முழுவதும் கம்பளியைச் சேர்ந்துவிட்டது என்பது பொருள். நீரில் நிறம் நின்றால் சிறிது அமிலமும் இன்னுஞ் சிறிது நேரமும் கொடுத்துப் பாருங்கள். சாயத்தை அள்ளிக் கொட்டிப் பயனில்லை. கம்பளி ஏற்கும் அளவுக்கு மிஞ்சியது நீரிலேயே நிற்கும்.

இதனை ஏன் வற்புறுத்துகின்றேன்? நம் தாயகத்தில் நொய்யலாறு பட்ட பாட்டைத் தாங்கள் அறிவீர்கள். அங்குச் சாயமேற்றப்பட்டது பருத்தி. சாயத்தோடு உப்பும் மிகுதியாகக் கலந்து ஆற்றில் சேர்ந்தது. ஒரத்துப்பாளையம் அணைநீர் உழவருக்குப் பயன்படாது போயிற்று. 2011-ஆம் ஆண்டு சனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஒருபுறம் உழவர் துயரம். மறுபுறம் வேலையிழந்த தொழிலாளர் துயரம். இரண்டும் நம்மவர் துயரமே அன்றோ?

நாம் செய்வது சிறுதொழில், ஒரு வாளி நீர்தானே என்று எண்ணலாகாது. கச்சிபௌலிக்கு அண்மையில் துர்கம் செருவு இருக்கின்றது. வாழவந்த ஊரின் ஏரியையும் பிறந்த ஊரின் ஆற்றைப் போலவே பேணுதல் நம் கடமை. ஆகவே, தெளிந்த நீரிலும் சிறிது சோடா உப்பு இட்டுப் புளிப்பைத் தணித்த பின்னரே வெளியேற்றுங்கள்.