அடிக்கிற கைதான் அணைக்குமா?

(தோட்ட மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வழக்கமாகப் பிள்ளைகளின் போசாக்கு, குடிதண்ணீர், சேமிப்பு என்று பேசுவோம். இன்றைக்குக் கணவன் மனைவி உறவைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது எங்க வீட்டு விஷயம், ஒங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். லயத்தில் ஒரு காம்பராவில் அலறினால் பத்துக் காம்பராவுக்கும் கேட்கிறது. நாம் டீவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்கிறோம். ஆகவே இது எல்லோருடைய விஷயமும்தான்.

சண்டை இல்லாத குடும்பம் இல்லை. சண்டை வருவது குற்றமும் இல்லை. அந்தச் சண்டையில் பயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நல்ல குடும்பத்தில் மனைவி, "இந்த மாசம் சீட்டுக் காசு கட்டணும், கடைக்கணக்கையும் கொறைக்கணும்" என்று தைரியமாகச் சொல்வாள். கணவனுக்குச் சம்மதம் இல்லாவிட்டால் மறுத்துப் பேசுவான். குரல் உயரலாம். ஆனால் கை உயராது. அவள் தாய் வீட்டை இழுத்துப் பேச்சு வராது. பிள்ளை மூலையில் ஒடுங்காது. காலையில் இரண்டு பேரும் முகம் பார்த்துத் தேத்தண்ணி குடிப்பார்கள்.

கெட்ட போக்கு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் அது பாசம் மாதிரியே தெரியும். "அவளோட பேசாத, இவளோட மலைக்குப் போகாத" என்பான். பிறகு போனைப் பறித்துப் பார்ப்பான். அம்மா வீட்டுக்குப் போக விடமாட்டான். கடைசியில் அவளுக்கென்று ஒரு மனுஷர் இருக்கமாட்டார்.

அடுத்தது காசு. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984ஆம் ஆண்டில். ஆனாலும் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்தவள், பிள்ளைக்குக் கொப்பி வாங்கக் கணவனிடம் கையேந்தும் வீடுகள் இன்னமும் உண்டு. இருவரும் சேர்ந்து செலவைத் தீர்மானித்தால் அது குடும்பம். ஒருவர் உழைப்பை மற்றவர் பறித்தால் அது அடக்குமுறை.

பிறகு அடி. சம்பள நாளில் குடித்துவிட்டு அடிப்பான். விடிந்ததும் "குடியில செஞ்சிட்டேன், மன்னிச்சிரு" என்று அழுவான். ரொட்டி வாங்கி வருவான், பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவான். அவளும், "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். இரண்டு கிழமை நல்லாப் போகும். பிறகு முகம் சுளிப்பான், சாப்பாட்டில் குறை சொல்வான், மறுபடியும் அடிப்பான். மன்னிப்புக் கேட்பது பெரிதல்ல. மன்னிப்புக்குப் பிறகு நடத்தை மாறினதா என்று பாருங்கள். குடியைக் காரணம் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறோம். அதே வெறியில் துரையை அடித்தீர்களா? கங்காணியை அடித்தீர்களா? திருப்பி அடிக்கமாட்டாள் என்று தெரிந்தவளைத்தானே அடித்தீர்கள்?

இளம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "நீ பேசாட்டி மருந்து குடிச்சிருவேன்", "போட்டோவ எல்லாருக்கும் அனுப்புவேன்" என்பது காதல் இல்லை, மிரட்டல். அதற்குப் பயந்து படிப்பை விட்டு ஓடிப்போகாதீர்கள். சாவேன் என்று சொல்பவனையும் அலட்சியம் செய்யக்கூடாது. அவன் வீட்டாருக்கு உடனே சொல்லுங்கள். ஆனால் அவனைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் வாழ்க்கையைக் கொடுக்கத் தேவையில்லை.

தலைவர்மார்களே, அடிபட்டு வருகிறவளை, "அனுசரிச்சுப் போம்மா" என்று அன்றிரவே திருப்பி அனுப்பாதீர்கள். முதலில் அவள் பாதுகாப்பாகப் படுக்க ஓர் இடம் பாருங்கள். பேச்சுவார்த்தை பிறகு. பக்கத்துக் காம்பராக்காரர்களும் சும்மா இருக்க வேண்டாம். உப்புக் கேட்பது மாதிரிக் கதவைத் தட்டுங்கள், நாலு பேராகப் போங்கள். ஆபத்து என்றால் 119க்குப் பேசுங்கள்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் நமக்கும் உரியது. உடம்பில் அடிப்பதோடு, மனதைக் கொடுமையாக வதைப்பதும் அதில் அடங்கும். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். கட்டளை 12 மாதம் வரைக்கும் செல்லும். மீறினால் தண்டனை உண்டு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இந்த இரண்டையும் பிள்ளைகளின் கொப்பியில் எழுதி வையுங்கள். அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைப்பதும் நல்லது.

ஐயாமார்களே, உங்களைக் குறை சொல்ல இங்கே வரவில்லை. மனைவி பயப்படாத வீட்டில்தான் கணவனுக்கும் நிம்மதி. தகப்பனைப் பார்த்துத்தான் மகன் படிக்கிறான். இன்றைக்கு அவன் பார்ப்பதை நாளைக்கு உங்கள் மருமகளிடம் காட்டுவான். உங்கள் மகள் போகிற வீட்டில் எப்படி நடத்தப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களோ, அப்படியே உங்கள் வீட்டிலும் நடந்துகொள்ளுங்கள்.

தனியாகப் பேச விரும்புகிறவர்கள் பிள்ளைக் காம்பராப் பக்கம் வாருங்கள். சொன்னது வெளியே போகாது.