நோயாளியின் சோர்வும் நமது கடமையும்

  

நமது வீடுகளில் ஒரு நோய் இருக்கின்றது. அதில் காய்ச்சல் தெரிவதில்லை, காயம் தெரிவதில்லை. நோயாளி நடமாடுவார், சமைப்பார், சிரித்துப் பேசுவார். ஆனால், காலையில் அவரது விரல்கள் மடங்குவதில்லை. பகல் பதினொரு மணிக்குள் உடலின் சக்தியெல்லாம் வற்றிப்போய் விடுகின்றது. வைத்தியர்கள் அதனை ‘ருமட்டொயிட் ஆர்த்ரைட்டிஸ்’ என்பார்கள். தமிழில் முடக்குவாதம் எனப்படுகின்றது. இந்நோயுடன் வாழ்வோரைப் பற்றியும், அவர்களோடு வாழும் நம்மைப் பற்றியும் உங்களிடம் சில விடயங்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலில் எனது தவறொன்றைச் சொல்லி விடுகின்றேன். அரபுக் கல்லூரியில் ஓதி முடித்து, மௌலவிப் பட்டத்துடன் நான் வீடு திரும்பிய காலம் அது. எனது உம்மா ஸுப்ஹுத் தொழுகையைக் கட்டிலின் ஓரத்தில் அமர்ந்தவாறு தொழுவதைக் கண்டேன். “உம்மா, நீங்கள் நடக்கிறீர்கள், அடுப்படியில் நின்று வேலை செய்கிறீர்கள். பர்ளுத் தொழுகையில் நிற்பது கட்டாயமல்லவா?” என்று கேட்டேன். உம்மா மறுபேச்சுப் பேசவில்லை. மறுநாள் முதல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று தொழுதார்கள். மகன் ஆலிமாகி வந்து சொல்கிறான் என்ற மரியாதையே அதற்குக் காரணம்.

இரண்டு வாரங்களின் பின்னர் ஒரு நாள், பாங்கு சொல்வதற்கு வெகு நேரம் முன்பே விழித்துக்கொண்டேன். அடுப்படியில் வெளிச்சம் தெரிந்தது. உம்மா ஒரு பாத்திரத்தில் சுடுநீர் வைத்து, இரு கைகளையும் அதில் அமிழ்த்தியவாறு அமர்ந்திருந்தார்கள். விரல்கள் வீங்கியிருந்தன. பின்னர் வுழூச் செய்வதற்காகத் தண்ணீர்க் குழாயை விரல்களால் திருக முடியாமல், இரு மணிக்கட்டுகளாலும் அழுத்தித் திறந்தார்கள். “எத்தனை நாளாக இப்படி உம்மா?” என்றேன். “நீ மத்ரஸாவுக்குப் போன மூன்றாம் வருஷத்திலிருந்து மகன்” என்றார்கள். வயது போனால் வரும் வாதம் என்று யாரோ சொன்னதை நம்பி, அத்தனை ஆண்டுகள் தைலம் பூசியே காலம் கழிந்திருந்தது.

சகோதரர்களே! நோயாளியின் தொழுகை பற்றிய ஹதீஸை நான் பாடமாக்கியிருந்தேன். மூல வியாதியால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழுமாறும் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அதன் அறிவிப்பாளர் வரிசையையும் நான் அறிந்திருந்தேன். எனது உம்மாவின் விரல்களை மட்டும் நான் பார்த்திருக்கவில்லை.

இந்நோய் எவ்வாறு ஏற்படுகின்றது? கிருமிகளை எதிர்ப்பதற்காக அல்லாஹ் நமது உடலில் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை அமைத்திருக்கின்றான். முடக்குவாதத்தில் அந்த ஏற்பாடு தடம் மாறி, மூட்டுகளின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வையே எதிரியாகக் கருதித் தாக்குகின்றது. பெரும்பாலும் இரு கைகளிலும் இரு பாதங்களிலும் உள்ள சிறு மூட்டுகளே முதலில் வீங்குகின்றன. காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரை மணித்தியாலத்துக்கு மேலாக, சில வேளை பல மணித்தியாலங்கள் விறைத்திருக்கும். கவனிக்காது விட்டால் எலும்பு அரிக்கப்பட்டு, விரல்கள் கோணிவிடும். உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, 2019ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 80 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 70 வீதத்தினர் பெண்கள். இது முதியோரின் நோய் மட்டுமல்ல. முப்பது, நாற்பது வயதுகளிலும் வருகின்றது. சிறுவர்களையும் தாக்கும் மூட்டுவாத வகைகள் உள்ளன.

2006ஆம் ஆண்டின் இறுதியில் கிழக்கிலும் வேறு பல பிரதேசங்களிலும் சிக்குன்குன்யாக் காய்ச்சல் பரவியபோது, மாதக்கணக்கில் மூட்டு நோவுடன் சிரமப்பட்டவர்களை நாம் அறிவோம். ஆகவே, மூட்டு வீக்கம் எல்லாம் ஒன்றல்ல. வீக்கமும் காலை விறைப்பும் சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், எந்த நோய் என்பதை வைத்தியரே பரிசோதித்துக் கூற வேண்டும்.

வலியை விடவும் விளங்கிக்கொள்ளச் சிரமமானது சோர்வு. வேலை செய்து களைத்தவர் உறங்கி எழுந்தால் களைப்புத் தீர்ந்துவிடும். இந்நோயாளியின் சோர்வு உறங்கினாலும் தீர்வதில்லை. உடலின் உள்ளே ஓயாது நடக்கும் அழற்சி, அதனால் உண்டாகும் இரத்தச்சோகை, வலியால் கலையும் தூக்கம், மனக்கவலை ஆகிய அனைத்தும் சேர்ந்து அவரை வீழ்த்துகின்றன. இதனை அறியாத நாம் “சோம்பல்” என்ற ஒரு சொல்லால் அவரைக் காயப்படுத்தி விடுகின்றோம்.

நோயுற்ற சகோதரியே, சகோதரரே! வலியை எடுத்துச் சொல்வது பொறுமையின்மை என்று எண்ணாதீர்கள். பொறுமைக்கு முன்மாதிரியான அய்யூப் (அலை) அவர்கள் தமது துன்பத்தை அல்லாஹ்விடம் முறையிட்டதை அல்குர்ஆன் எடுத்துரைக்கின்றது. கடும் காய்ச்சலுற்றிருந்த நபி (ஸல்) அவர்களைத் தொட்டுப் பார்த்து இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்கள் வினவியபோது, இருவர் அனுபவிக்கும் அளவு காய்ச்சல் தமக்கு உண்டெனப் பெருமானார் ஒளிக்காது கூறினார்கள். நீங்களும் உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள். சொல்லாத வலிக்கு உதவி கிடைப்பதில்லை.

மார்க்கம் தந்த சலுகைகளை வெட்கமின்றி ஏற்றுக்கொள்ளுங்கள். குதிரையிலிருந்து விழுந்து காயமுற்றபோது நபி (ஸல்) அவர்களே அமர்ந்து தொழுதுள்ளார்கள். நிற்க முடிந்த அளவு நின்று, முடியாதபோது கதிரையில் அமர்ந்து தொழலாம். வுழூவுக்கு இளஞ்சூட்டு நீரைப் பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்றிவிடப் பிள்ளையை அழைக்கலாம். தண்ணீர் நோயை அதிகப்படுத்தும் என்ற நிலை வந்தால் தயம்மும் இருக்கின்றது. றமழானில் நோன்பு நோற்பது தீங்கு தரும் என்று வைத்தியர் கூறினால், சுகம் கண்ட பின் கழாச் செய்யலாம். குணமாகும் எதிர்பார்ப்பே இல்லாதவர் பித்யா வழங்கலாம். நோன்பு நோற்க முடிந்தவரும் மருந்தைத் தாமாக நிறுத்தாமல், நோன்பு துறந்த பின்னரோ ஸஹர் நேரத்திலோ எடுப்பதற்கு வைத்தியரிடம் முன்கூட்டியே ஆலோசனை பெற வேண்டும்.

நாளாந்த வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உடல் சற்று இலேசாக இருக்கும் நாளில், தேங்கிக் கிடந்த உடுப்பு முழுவதையும் கழுவி, வீடு முழுவதையும் கூட்டித் துடைத்து விட்டு, அடுத்த மூன்று நாட்கள் கட்டிலில் கிடப்பவர் பலர். நல்ல நாளிலும் பாதியோடு நிறுத்துங்கள். கனமான வேலைக்குப் பின் இலேசான வேலை, அதன்பின் சிறிது ஓய்வு என்று ஒழுங்கு செய்யுங்கள். அதேவேளை, முற்றாகப் படுத்தே இருப்பதும் தசைகளைப் பலவீனமாக்கும். வைத்தியர் காட்டித் தரும் பயிற்சிகளையும் சிறு நடையையும் விட்டுவிடாதீர்கள். உடலுக்கும் நம்மீது உரிமையுண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் உறுதிப்படுத்திய போதனையாகும்.

மருந்து விடயத்தில் மிகுந்த கவனம் தேவை. இந்நோய்க்குப் பரவலாக வழங்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட் குளிசை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டியது. தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனை எடுப்பவர் குறித்த காலங்களில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பிணிகள் அதனை எடுக்கவே கூடாது. பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் தம்பதியர் முன்னரே வைத்தியரிடம் கூறி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஸ்டீரொயிட் மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானது. பெயரில்லாத பைக்கற்றில் எவரேனும் தரும் ‘வாதக் குளிசை’ ஒரே நாளில் நோவைத் தீர்த்தால் மகிழாதீர்கள், அதில் என்ன கலந்துள்ளது என்று அஞ்சுங்கள். நமது நாட்டின் அரசாங்க வைத்தியசாலைகளில் மூட்டுவாதக் கிளினிக் இலவசமாகவே நடைபெறுகின்றது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. நோயைத் தந்தவன் அதற்கு நிவாரணத்தையும் தந்துள்ளான் என்று நமக்குக் கற்பித்தவர்களே மருத்துவம் செய்துகொள்ளுமாறும் ஏவினார்கள்.

பெற்றோர்களே! மகளுக்கு இந்நோய் கண்டால், கலியாணப் பேச்சுக்குத் தடையாகி விடும் என்று கிளினிக் அட்டையை ஒளித்து வைக்கின்றீர்கள். ஒளித்த ஒவ்வொரு மாதமும் அவளது மூட்டுகளே விலை கொடுக்கின்றன. ஆரம்பத்திலேயே சிகிச்சை பெற்றவர்களுள் பலர் தொழில் செய்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்து, நல்வாழ்வு வாழ்கின்றனர். உண்மையைச் சொல்லிச் செய்யும் திருமணத்தில்தான் பறக்கத் உண்டு. நோயை அறிந்த பின்பும் கைப்பிடிக்க முன்வரும் இளைஞனே அவளுக்கு ஏற்றவன்.

இளைஞர்களே! உம்மா தேங்காய் துருவும்போது, உடுப்புப் பிழியும்போது, போத்தல் மூடியைத் திறக்கும்போது ஒரு தடவை அவரது கைகளைப் பாருங்கள். ராத்தா காலையில் எழத் தாமதித்தால் கோபிக்கும் முன் காரணத்தைக் கேளுங்கள். இரவில் அரிசிப் பானையை இறக்கி வைப்பதும், கிளினிக் நாளில் கூடச் சென்று வரிசையில் நிற்பதும் உங்கள் அமல்களில் எழுதப்படும்.

எனது உம்மா இன்று மருந்து எடுக்கிறார்கள். விரல்கள் சில கோணியவாறே இருக்கின்றன. காலம் தாழ்த்தியதன் அடையாளம் அது. ஸுப்ஹு வேளையில் அவர்களது கைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது எனது வேலை. கதிரையில் அமர்ந்து தொழுகிறார்கள். நான் மன்னிப்புக் கேட்டபோது, “ஓதினதைச் சொன்னாய் மகன், அவ்வளவுதானே” என்று கூறினார்கள். ஓதியதைச் சொல்லும் முன் எதிரே இருப்பவரின் நிலையைக் கேட்டறிய வேண்டும் என்ற பாடத்தை எனக்குக் கற்பித்தது அந்த அடுப்படிதான். எனது தவறு உங்கள் வீட்டில் நிகழாதிருக்கட்டும்.

யா அல்லாஹ்! நோயுற்றோருக்குப் பூரண சுகத்தையும், அவர்களைப் பராமரிப்போருக்குச் சலிக்காத உள்ளத்தையும், கண்டும் காணாதிருந்த எங்களுக்கு மன்னிப்பையும் வழங்குவாயாக! ஆமீன்.