வன்னீரும் வீட்டுக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு வீட்டின் சமையலறைக்குட் சென்று கேத்திலின் மூடியைத் திறந்து பார்த்தால், அதனுள்ளே சாம்பல் வெண்மையான கல்லோடு ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். கரண்டிக் காம்பினாற் சுரண்டினாலும் அது இலகுவில் விடுவதில்லை. மலைநாட்டிலிருந்து வலிகாமத்திற்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணொருத்தி இதனை முதன்முதலிற் காணும்போது கேத்தில் பழுதாகிவிட்டதென்றே எண்ணுவாள். பிறந்த வீட்டில் ஒரு தேய்ப்பிலே நுரைத்த சவர்க்காரம் இங்கே நுரைக்க மறுத்து, வாளியின் விளிம்பிலே தயிர்த் திரள் போல ஒட்டிக்கொள்வதையும் காண்பாள். ஊர்ப் பெண்களுக்கு இவையெல்லாம் பழகிய காட்சிகள்.

இதற்குக் காரணம் தண்ணீரிலன்று, அது தங்கியிருக்கும் கல்லிலேயே உள்ளது. குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலிருந்தும், அதனினும் மிகுதியாக மண்ணிலுள்ள வேர்களின் சுவாசத்திலிருந்தும் காபனீரொட்சைட்டைப் பெற்று மென்மையான அமிலத் தன்மை அடைகின்றது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைத்துக் கல்சியம் இருகாபனேற்றாகத் தன்னுட் கொள்கின்றது. கிணற்றிலே தெளிந்து நிற்கும் நீரில் இந்தக் கல் கண்ணுக்குத் தெரியாது. நீரைக் காய்ச்சும்போது வாயு வெளியேற, கரைந்திருந்த கல் மீண்டும் கல்லாகிக் கேத்திலின் அடியிற் படிகின்றது. இதுவே தற்காலிக வன்மை. கல்சியத்தினதும் மகனீசியத்தினதும் சல்பேற்றுக்களாலும் குளோரைட்டுக்களாலும் உண்டாவது நிரந்தர வன்மை. காய்ச்சினாலும் அது நீங்காது.

வன்னீரைக் குடித்தாற் கேடு விளையுமோ என்ற அச்சம் பலரிடம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணங்காட்டி வன்மைக்கு எல்லை எதனையும் விதிக்கவில்லை. இலங்கையின் குடிநீர் நியமம் இலீற்றருக்கு 250 மில்லிகிராம் என்று குறித்துள்ளது. வன்மையின் உடனடி நட்டம் விறகிலும், மின்சாரத்திலும், சவர்க்காரத்திலும், அடைபடும் குழாய்களிலுமே தெரிகின்றது. கல்லோடு வெப்பத்தைத் தடுக்கும் போர்வை போன்றது. தடிப்பாகப் படிந்த கேத்தில் பிந்தியே கொதிக்கும். மின்சார வெந்நீர்க் கருவியிற் படிந்தாலோ அதன் சூடாக்கும் கம்பியே எரிந்துபோகக்கூடும்.

இதற்குப் பரிகாரமாகக் கடைகளில் விற்கப்படுவது பெரும்பாலும் உப்பினால் இயங்கும் மென்மையாக்கும் கருவி. அதன் மூலக்கருத்துப் பழையது. 1850ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே தொம்சன், வே என்னும் இருவர் மண்ணின் இயல்பை ஆராய்ந்தபோது, அது சில உப்புக்களின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு வேறொன்றை விடுவதைக் கண்டனர். இன்றைய கருவியிலே பிசின் மணிகள் அத்தொழிலைச் செய்கின்றன. அவை கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. இலீற்றருக்கு 250 மில்லிகிராம் வன்மையை முற்றாக நீக்கினால், அந்த ஓர் இலீற்றரிலே ஏறத்தாழ 115 மில்லிகிராம் சோடியம் சேரும். இரத்த அழுத்த நோயாளி இருக்கும் வீட்டில் இது கவனிக்க வேண்டிய செய்தி. மணிகள் நிறைந்ததும் அவற்றைக் கழுவச் சில கிலோகிராம் உப்பைக் கரைத்து ஊற்றவேண்டும். கழுவிய உப்புநீரை வெளியே விடவேண்டும்.

வெளியே என்றால் எங்கே? இங்கேதான் குடாநாட்டு வீட்டுக்காரர் சற்று நிதானிக்க வேண்டியிருக்கின்றது. குடாநாட்டின் நன்னீர், கடலிலிருந்து ஊடுருவிய உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்குமேல் ஓரடி நன்னீர் நின்றால் அதன்கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது விதி. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பதை ஊரார் நெடுங்காலமாக அறிவர். அடியிலிருந்து உப்பு ஏறாதிருக்க அளவோடு நீர் இறைக்கும் அதே வளவிலே, மேலிருந்து உப்பைக் குழிக்குள் ஊற்றுவது எவ்வளவு பொருந்தும்? குளோரைட்டை மண் பிடித்துவைப்பதில்லை. பொந்தும் வெடிப்புமான சுண்ணாம்புக்கல்லினூடே அது இறங்கித் தன் கிணற்றுக்கோ அயலார் கிணற்றுக்கோ சென்றுவிடும். கிணற்றுக்கும் உண்டோ வேலி?

இந்தப் பிரச்சினை வேறு நாடுகளிலும் எழுந்ததுண்டு. அமெரிக்காவின் கலிபோர்ணியாவில் சான்ரா கிளரிற்றா என்னும் பள்ளத்தாக்கிலே, வீட்டுக் கருவிகளின் உப்பு ஆற்றிற் கலந்து கீழ்ப்புறத்துப் பயிர்களைப் பாதிக்கின்றதென்று 2003இற் புதிய கருவிகள் தடைசெய்யப்பட்டன. 2008இல் மக்கள் வாக்களித்து, ஏற்கெனவே பொருத்தியிருந்தவற்றையும் அகற்ற உடன்பட்டனர்.

உப்பில்லாத முறைகளை நாடுவோர் தொகை பெருகியதற்கு இத்தகைய அனுபவங்களும் காரணம். அவற்றுள் ஆராய்ச்சியிலே நன்கு தேறியது படிகமாக்கும் மணிகளைக் கொண்ட முறை. இம்மணிகளின் மேற்பரப்பிலே கல்சியம் காபனேற்று மிக நுண்ணிய படிகங்களாக உருவாகிப் பின் உதிர்ந்து நீரோடு செல்லும். கரைந்துள்ள கல், குழாயின் சுவரைத் தேடிச் செல்லாமல் இப்படிகங்களின்மேலேயே படிகின்றது. இதற்கு உப்பு வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை, கழிவுநீரும் இல்லை. அரிசோனா அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒப்பீட்டாய்விலே, மின்காந்தக் கருவியிலும் பார்க்க இம்முறை கற்படிவைக் கூடுதலாகக் குறைத்தது. ஜேர்மனியில் இத்தகைய கருவிகளைச் சோதிக்க ஒரு நியமமே உண்டு. பதப்படுத்திய நீரையும் பதப்படுத்தாத நீரையும் ஒரேவகைக் கருவிகளிற் பல நாட்கள் சூடாக்கி, படிந்த கல்லை நிறுத்துப் பார்ப்பார்கள். ஐந்தில் நான்கு பங்காவது குறைந்தாலே கருவி தேறும்.

எனினும் ஒன்றை மறைக்கலாகாது. இம்முறை நீரை மென்னீராக்குவதில்லை. கல் நீரிலேயே இருக்கின்றது. ஒட்டும் இயல்பைத்தான் இழக்கின்றது. சோதனைச்சாலையில் அளந்தால் வன்மை முன்போலவே காட்டும். சவர்க்காரமும் முன்போலவே நுரைக்கத் தயங்கும். கண்ணாடிக் குவளையிலே நீர் உலர்ந்தால் வெண்புள்ளி தோன்றும். ஆனால் துடைத்தாற் போய்விடும். இரும்பு கலந்த நீரும் எண்ணெய் கலந்த நீரும் மணிகளைக் கெடுத்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மணிகளையும் மாற்றவேண்டும். "உப்பில்லா மென்மையாக்கி" என்று விற்பவர் கூறுவாராயின், அவர் சொல்லின் முற்பாதி மட்டுமே உண்மை. குழாயின்மேற் காந்தத்தைக் கட்டினாற் போதும் என்போரின் சொல்லை அதனினும் ஐயத்தோடு கேட்கவேண்டும். அப்பரிசோதனைகள் ஒன்றுக்கொன்று முரணான பெறுபேறுகளையே தந்துள்ளன.

காசு செலவிடாத வழிகளும் இருக்கின்றன. காய்ச்சி ஆறவைத்துத் தெளிவை மட்டும் வார்த்தெடுப்பது தற்காலிக வன்மைக்கு மிகப் பழைய மருந்து. 1841இல் அபடீன் நகரப் பேராசிரியர் தோமஸ் கிளாக் சுண்ணாம்பைக் கலந்தே சுண்ணாம்பை வீழ்த்தலாம் என்று காட்டி உரிமம் பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கும் இந்த வித்தை நகர நீர்நிலையங்களுக்குப் பொருந்தும். அளவறியாமல் வீட்டிலே செய்யத் தகாது. கேத்திலிற் படிந்த கல்லுக்கு விநாகிரியோ தேசிக்காய்ப் புளியோ போதும். ஊற்றியவுடன் குமிழிகள் கிளம்பும், கல் இளகிவிடும்.

கருவி வாங்க நினைப்பவர் முதலிலே நீரைச் சோதிப்பித்துக்கொள்ளல் நன்று. வன்மையுள் எவ்வளவு தற்காலிகமானது என்று தெரியாமற் படிகமாக்கும் கருவியை வாங்குவது வீண். நிரந்தர வன்மையில் அதனாற் பயன் சொற்பமே. அதே சோதனையில் நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லவேண்டும். உரமிட்ட தோட்டங்களிலிருந்தும் மலக்குழிகளிலிருந்தும் குடாநாட்டுக் கிணறுகளுக்கு வந்து சேரும் இப்பொருளை மேற்சொன்ன படிகமாக்கும் கருவி அகற்றாது. காய்ச்சினாலோ அது செறியும். கைக்குழந்தை உள்ள வீட்டில் கேத்திற் கல்லைவிட இதுவே முதற் கவலையாக இருக்கவேண்டும்.

கருவி தேவையென்று கண்டாலும் வீடு முழுவதற்கும் பொருத்தவேண்டியதில்லை. தோட்டத்துக் கத்தரிக்கும் வாழைக்கும் வன்னீரே போதும். வெந்நீர்க் கருவிக்குச் செல்லும் குழாயில் மட்டும் பொருத்தினாற் செலவு குறையும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் கூரையிலிருந்து வழியும் மழைநீரைத் தொட்டியிற் பிடித்துவைக்கும் வீட்டிலே, தலைமுழுக்கிற்கும் வெள்ளைத் துணிகளுக்கும் சில வாரங்களுக்காவது மென்னீர் இருக்கும்.