விலையறியாதவரிடம் வாங்கும்போது...

 



சென்ற வாரம் ஜும்ஆவுக்குப் பின் ஒரு சகோதரர் மஸ்அலா ஒன்று கேட்டார். அவர் தபால்தலை சேகரிப்பவர். அவருடைய தெருவில் ஒருவர் வஃபாத்தாகி விட்டார். அவர் பல்லாண்டுகளாகச் சேர்த்த தபால்தலைகள் ஆறு ஆல்பங்களில் இருக்கின்றன. அவருடைய மனைவி, "எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது பாய், நீங்களே பார்த்து ஒரு விலை போட்டு எடுத்துக்குங்க" என்று கூறியிருக்கிறார். எவ்வளவு கொடுத்தால் அது ஹலால் ஆகும் என்பதே கேள்வி.

சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால் வியாபாரத்தைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் கடைக்காரரைத்தான் எச்சரிக்கிறோம். எடை குறைக்காதீர், கலப்படம் செய்யாதீர், குறையை மறைக்காதீர் என்கிறோம். வாங்குபவர் அநீதியிழைக்கும் இடமும் உண்டு என்பதைச் சொல்லத் தவறிவிடுகிறோம். திருக்குர்ஆனின் 83-ஆவது அத்தியாயம், தாம் பெறும்போது நிறைவாகப் பெற்றுப் பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கண்டித்தே தொடங்குகிறது. பொருளின் மதிப்பு வாங்குபவருக்கு மட்டும் தெரிந்து, விற்பவருக்குத் தெரியாதபோது, தராசு வாங்குபவர் கையில் இருக்கிறது. யூஸுஃப் (அலை) அவர்களை அற்பமான சில திர்ஹங்களுக்கு விற்றவர்களைப் பற்றிக் குர்ஆன் கூறுகிறதே, அவர்களும் தங்கள் கையிலிருந்ததன் மதிப்பை அறியாதவர்கள்தாம்.

நம் கொங்கு நாட்டுச் சந்தைகளை எண்ணிப் பாருங்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைகோத்து விரல் பிடித்து விலை பேசுவார்கள். வெளியாருக்கு அது மறைபொருள். ஆனால் விரல் பிடிக்கும் இருவருக்கும் மாட்டைப் பற்றித் தெரியும். பல்லைப் பார்ப்பார்கள், சுழியைப் பார்ப்பார்கள். அங்கே பேரம் பேசுவது குற்றமல்ல. அறிந்தவரும் அறிந்தவரும் பேசுவது ஒன்று. அறிந்தவரும் அறியாதவரும் பேசுவது முற்றிலும் வேறொன்று.

இந்த வேறுபாட்டை மார்க்கம் ஆரம்பத்திலேயே கவனித்திருக்கிறது. மதீனாவுக்குச் சரக்கு கொண்டுவரும் கிராமத்தாரை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, அவர்கள் சந்தை நிலவரம் அறியுமுன் வாங்கிவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றுவிட்டவர் சந்தைக்கு வந்து விலையை அறிந்தால், விற்பனையை முறிக்கும் உரிமை அவருக்கு உண்டு என்றும் ஸஹீஹ் முஸ்லிமில் அறிவிப்பு உள்ளது. நம் பகுதிப் பருத்தி விவசாயிக்கும் இதே துன்பம் இருந்தது. அதற்காகவே சென்னை மாகாணத்தில் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்து, 1936-இல் திருப்பூரில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் ஏற்பட்டது. பருத்திக்குச் சந்தை இருக்கிறது, விலைப்பலகை இருக்கிறது. இறந்தவரின் அலமாரியிலுள்ள ஆல்பத்துக்கு எந்த விலைப்பலகை இருக்கிறது?

"நீங்களே விலை போடுங்கள்" என்று வாங்குபவரை நம்பி விட்டுவிடுபவருக்கு ஃபிக்ஹு நூல்களில் 'முஸ்தர்ஸில்' என்று பெயர். ஹன்பலீ மத்ஹபில் இத்தகையவர் பெரும் நஷ்டத்துக்கு உள்ளானால் விற்பனையை முறிக்கலாம். நம் ஹனஃபீ மத்ஹபில் ஏமாற்று வார்த்தை ஏதுமின்றி விலை மட்டும் குறைந்திருந்தால் பொதுவாக முறிக்க இயலாது. ஆனால் "இதெல்லாம் குப்பை, ஐந்நூறுக்கு மேல் பெறாது" என்று ஒரு சொல் சொல்லி வாங்கியிருந்தால் நிலைமை மாறிவிடும். ஏமாற்றும் நஷ்டமும் சேர்ந்துவிட்டால் முறிக்கும் உரிமை வந்துவிடுகிறது.

பெரும் நஷ்டம் என்பது எவ்வளவு? ஹனஃபீ சட்டத்தைத் தொகுத்து உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை வெளியான 'மஜல்லா' ஓர் அளவைக் கூறுகிறது. சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடையில் பத்தில் ஒரு பங்கு, நிலம் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கு. ஃபுகஹாக்கள் கூறும் மற்றோர் அளவுகோல் நம் பிரச்சினைக்கு இன்னும் பொருத்தமானது. விவரமறிந்த மதிப்பீட்டாளர்கள் சிலரிடம் பொருளைக் காட்டினால் ஒருவர் ஆயிரம் என்பார், ஒருவர் ஆயிரத்து நூறு என்பார். அந்த எல்லைக்குள் நம் விலை இருந்தால் குறையில்லை. எந்த மதிப்பீட்டாளரும் சொல்லாத அளவுக்குக் கீழே போனால் அதுவே பெரும் நஷ்டம்.

இமாமின் கடையில்

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வணிகராக இருந்தவர்கள். ஒரு பெண் பட்டாடை ஒன்றை விற்கக் கொண்டுவந்து நூறு கேட்டார். இதன் மதிப்பு அதைவிட அதிகம் என்றார்கள் இமாம். அவர் நூறு நூறாகக் கூட்டி நானூறு வரை வந்தார். இன்னும் அதிகம் என்றார்கள். தம்மைக் கேலி செய்கிறாரோ என்று அந்தப் பெண் கேட்டுவிட்டார். அப்போது இமாமவர்கள், விலை மதிப்பிட ஓர் ஆளை அழைத்து வாரும் என்றார்கள். வந்தவர் மதிப்பிட, ஐந்நூறுக்கு அதை வாங்கினார்கள். இது அவர்களுடைய வரலாற்று நூல்களில் காணப்படும் நிகழ்ச்சி.

நான் இதில் வியப்பது ஐந்நூறை அல்ல. துணியைப் பற்றி கூஃபாவில் இமாமைவிட அறிந்தவர் யார் இருந்திருப்பார்? தாமே ஐந்நூறு என்று சொல்லியிருக்கலாம். ஆயினும் வாங்கும் இடத்தில் நிற்கும் தம்முடைய மதிப்பீட்டை அவர்கள் போதுமானதாகக் கொள்ளவில்லை. நானூறிலேயே நிறுத்தியிருந்தாலும் ஊரார் புகழ்ந்திருப்பார்கள் அல்லவா?

இதற்கு முன்பே ஜரீர் (ரலி) அவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் பைஅத் செய்தவர்கள் அவர்கள். முந்நூறு திர்ஹத்துக்குப் பேசி முடிந்த குதிரையை, அதன் தகுதி இதைவிட மேல் என்று உரிமையாளரிடம் தாமே கூறி, எண்ணூறு கொடுத்து வாங்கினார்கள் என்று தப்ரானீ பதிவு செய்துள்ளார்.

தபால்தலைக்கு வருவோம்

தபால்தலையில் அறியாமை எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1948 ஆகஸ்ட் 15 அன்று காந்தியடிகள் நினைவாக நான்கு தபால்தலைகள் வெளியாயின. அவற்றில் 'பாபூ' என்று இந்தியிலும் உருதுவிலும் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் பத்து ரூபாய்த் தலையில் கவர்னர் ஜெனரல் அலுவலகத்தின் உபயோகத்துக்காக நூறு மட்டும் 'சர்வீஸ்' என்று மேலச்சு செய்யப்பட்டன. அத்தகைய நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு 2017-இல் ஐந்து லட்சம் பவுனுக்கு விற்பனையானது. படம் ஒன்றே, ஒரு சொல் கூடுதல். அந்தச் சொல்லின் பொருளை அடுப்படியிலிருந்து வரும் ஒரு விதவை எப்படி அறிவார்?

அதேபோல் பழைய திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்கள் 1951 வரை தமக்கெனத் தனி அஞ்சல் நடத்தின. பொள்ளாச்சிக்கு அப்பாலுள்ள சித்தூர் பகுதி கொச்சியைச் சேர்ந்ததாகவே இருந்தது. அங்கு உறவுள்ள நம் குடும்பங்களில் அத்தகைய கடிதங்கள் இருக்கக்கூடும். உறையோடு இருந்தால் ஒரு மதிப்பு, கிழித்தெடுத்துவிட்டால் வேறு மதிப்பு. பின்பக்கப் பசை, ஓரப் பற்கள், முத்திரை விழுந்த இடம், அனைத்தும் விலையை மாற்றும்.

மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான ஆல்பங்களில் புதையல் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த தலைகளில் மிகப் பல லட்சக்கணக்கில் அச்சானவை. அவற்றுக்குப் பெரிய விலை கிடைக்காது. லண்டன் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் விலைப்பட்டியலைக் காட்டி, "இதில் ஆயிரம் என்று போட்டிருக்கிறதே" என்று வீட்டார் கேட்பார்கள். அது நல்ல நிலையிலுள்ள தலையை அந்த நிறுவனம் விற்கும் விலை. யாரும் நம்மிடம் வாங்கும் விலையன்று. பழைய நாணயத்துக்கு லட்சம் தருவதாக ரிசர்வ் வங்கியின் பெயரைப் பயன்படுத்தி மோசடி நடப்பதாக அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆகவே மதிப்பு குறைவு என்றால் குறைவு என்றே சொல்லுங்கள். இரக்கப்பட்டுக் கூட்டிக் கொடுப்பதானால் அதை ஸதகாவாகத் தனியே கொடுங்கள்; விலையோடு குழப்ப வேண்டாம்.

வாங்குபவருக்கு லாபம் கூடாது என்பதும் மார்க்கமல்ல. ஓர் ஆடு வாங்க நபி (ஸல்) அவர்கள் கொடுத்த ஒரு தீனாரில் உர்வா (ரலி) அவர்கள் இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்தார்கள். நபியவர்கள் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள் (புகாரி). ஆல்பத்தைப் பிரித்து, வகைப்படுத்தி, ஆள் தேடி விற்க மாதங்கள் ஆகும். சில விலைபோகாமலும் கிடக்கும். அந்த உழைப்புக்கும் முடங்கும் பணத்துக்கும் லாபம் வைக்கலாம். "வெளியில் இது ஏறக்குறைய இவ்வளவு போகும், என் செலவும் லாபமும் போக இவ்வளவு தருகிறேன்" என்று வாய்திறந்து சொல்லிவிட்டால் மறைப்பு நீங்கிவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. வாங்காமல், கூலி பேசிக்கொண்டு விற்றுக் கொடுக்கலாம். ஆனால் விற்கும் வகீலாகப் பொறுப்பேற்றவர் அதைத் தமக்கே விற்றுக்கொள்ளக் கூடாது. மைத்துனர் பெயரில் வாங்கும் தந்திரமெல்லாம் அல்லாஹ்விடம் செல்லாது.

யார் விற்கிறார்?

அந்தச் சகோதரர் கேட்காத கேள்வி இது. விலையைவிட இதுவே எனக்குக் கவலையளிக்கிறது. ஆல்பங்கள் யாருடையவை? கணவர் மூச்சு நின்ற கணத்தில் அவை மீராஸ் ஆகிவிட்டன. கடனும் வஸிய்யத்தும் போக, பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு எட்டில் ஒரு பங்கே உரியது. மீதி பிள்ளைகளுக்கும், பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்களுக்கும். பருவமடையாத பிள்ளை இருந்தால் அது யதீமின் சொத்து. முன்னே சொன்ன மஜல்லா, ஏமாற்று இல்லாமல் விற்பனையை முறிக்க முடியாது என்று கூறிய அதே இடத்தில் யதீமின் சொத்தை விலக்கி வைக்கிறது. பெரும் நஷ்டத்தில் விற்ற யதீமின் பொருள் விற்பனையே செல்லாது. தாய் என்பதாலேயே யதீமின் பொருளை விற்கும் அதிகாரமும் வந்துவிடாது. தந்தை நியமித்த வஸீ, அவர் இல்லையேல் பாட்டனார் என்று வரிசை இருக்கிறது. நம் ஊர்களில் ஜமாஅத்தின் ஆலிம்களை உட்கார வைத்து, வாரிசுகள் முன்னிலையில், எந்தத் தலை எத்தனை என்று பட்டியல் எழுதிக் கையொப்பமிட்டு வாங்குவதே பாதுகாப்பு.

நேர்மையாக மதிப்பிட்டு வாங்கிய பிறகு, இருவருமே அறியாத அரிய தலை ஒன்று உள்ளே தென்பட்டால்? விற்கப்பட்டது ஆல்பம் முழுவதும் என்பதால், வாரிசுகள் பருவமடைந்தவர்களாக இருப்பின் சட்டப்படி அது வாங்கியவருக்கே. ஆனால் புகாரியிலுள்ள அந்தப் பழைய நிகழ்ச்சி நினைவிருக்கட்டும். நிலம் வாங்கியவர் அதில் தங்கக் குடம் கண்டு, நான் வாங்கியது மண்ணைத்தான் என்று விற்றவரிடம் கொண்டுபோனார். அவரோ, நிலத்தை அதிலுள்ளவற்றோடு விற்றுவிட்டேன் என்று வாங்க மறுத்தார். தீர்ப்புக்குச் சென்றார்கள்; ஒருவரின் மகனை மற்றவரின் மகளுக்கு மணமுடித்து, அந்தத் தங்கத்தை அவர்களுக்கே செலவிடச் சொல்லப்பட்டது. அந்த வழியில் ஒரு பங்கை அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க விரும்பினால் அன்பளிப்பாகக் கொடுங்கள். "பிற்பாடு கூட விற்றால் பங்கு தருவேன்" என்று விற்பனையின்போதே நிபந்தனையாக எழுதிவிடாதீர்கள். விலை இவ்வளவென்று தெரியாத விற்பனையாகி, அது ஃபாஸிதாகிவிடும்.