வாசலுக்கு வந்த வெளிநாட்டுப் பட்டம்: கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்

(ஜொகூரில் பெற்றோர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூரில் நம் தாத்தா பாட்டிகள் பால்மரம் சீவினார்கள். அப்பா அம்மா செம்பனைக் குலை தூக்கினார்கள். இன்று அதே ஜொகூரில், இஸ்கண்டார் புத்ரியில், எடுசிட்டி என்ற கல்வி நகரம் நிற்கிறது. 2011-இல் நியூகாசல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கிளை வந்தது. 2012-இல் சவுத்ஹாம்டன் வந்தது. பிறகு ரீடிங் பல்கலைக்கழகம் தன் ஹென்லி வணிகப் பள்ளியின் பாடங்களோடு வந்தது. விமானம் ஏறாமலேயே இங்கிலாந்துப் பட்டம் என்றார்கள்.

நல்லதுதான். தொழிலாளி வீட்டுப் பிள்ளை வணிகமும் கணக்கியலும் படிக்கக் கூடாது என்று யார் சொன்னது? அந்த வளாகத்துக்குள் நம்மவர்கள் காவலாளியாகவும் துப்புரவுப் பணியாளராகவும் மட்டும் நுழைந்தால் போதாது, மாணவராகவும் நுழைய வேண்டும். ஆனால் அதற்காக, விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் உழைக்கும் தகப்பனின் சேமிப்பு முழுவதும் கரைந்துவிடக் கூடாது.

இந்த நிலைமை எப்படி வந்தது? 1970-களில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இன ஒதுக்கீடு வந்தது. இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் போனார்கள். 1980-இல் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக் கட்டணம் கேட்கத் தொடங்கியது. செலவு தாங்காததால், பாதி இங்கே பாதி அங்கே என்ற இரட்டைத் திட்டங்கள் தனியார் கல்லூரிகளில் பெருகின. 1996-இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1998-இல் மோனாஷ் முதல் கிளை வளாகத்தைத் திறந்தது. ஆக, அரசாங்கக் கதவு குறுகியதால்தான் தனியார் கதவு அகலமானது. அந்தக் கதவில் மதிப்பெண் மட்டும் போதாது, பணமும் வேண்டும்.

மெட்ரிகுலேஷனைப் பாருங்கள். 2019-இல் இடங்களை 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தினார்கள். 90-க்கு 10 என்ற விகிதம் மட்டும் அசையவில்லை. 2024-இல், எஸ்.பி.எம். தேர்வில் 10ஏ பெற்றவர்களுக்கு இனம் பாராமல் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் 7ஏ, 8ஏ எடுத்த லோரி ஓட்டுநரின் மகள் எங்கே போவாள்?

அவள் கல்விக் கண்காட்சிக்குப் போகிறாள். இன்றே பதிந்தால் கட்டணக் கழிவு என்கிறார்கள். பெற்றோர் முன்பணம் கட்டிவிடுகிறார்கள். அன்று கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, படிவம் ஆறு. எஸ்.டி.பி.எம். தேர்வில் இன ஒதுக்கீடு இல்லை, அரசாங்கப் பள்ளியில் செலவும் மிகக் குறைவு. வணிகவியல், பொருளாதாரம், கணக்கியல் எல்லாம் உண்டு. அந்தச் சான்றிதழை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கின்றன. "ஆறாம் படிவம் கஷ்டம்" என்று சொல்லி அந்த வழியை மூடிவிடாதீர்கள்.

இரண்டு, அங்கீகாரம். கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். நீங்கள் சேரும் அந்தக் குறிப்பிட்ட பாடத்திட்டம் எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி நிர்ணய முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடுங்கள்.

மூன்று, கடன். பி.டி.பி.டி.என். கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான், வெளிநாட்டில் படிக்கும் ஆண்டுக்குக் கிடைக்காது. கடன் தொகை எவ்வளவு, கல்லூரிக் கட்டணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதுங்கள். மிச்சத்தைக் கட்டப்போவது யார்? ஈ.பி.எப்.-இன் இரண்டாவது கணக்கிலிருந்து, 2024 மே முதல் செஜாத்ரா கணக்கு எனப்படுவதிலிருந்து, பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்கலாம். ஆனால் அது உங்கள் முதுமைக்கான சோறு என்பதை மறக்காதீர்கள்.

நான்கு, வெள்ளியின் மதிப்பு. கடைசி ஆண்டு இங்கிலாந்தில் என்றால் கட்டணம் பவுண்டில் போகும். 1997 நெருக்கடிக்கு முன் ஓர் அமெரிக்க டாலர் சுமார் 2.50 வெள்ளி. 1998 செப்டம்பரில் அதை 3.80 வெள்ளி என்று கட்டிவைத்தார்கள். டாலரில் கட்டணம் கட்டிய பெற்றோரின் செலவு இடையில் ஒன்றரை மடங்கானது. வாங்கிய சம்பளம் ஒன்றரை மடங்காகவில்லை.

இன்னொன்று. பிறப்புப் பத்திரமோ நீல அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். குடியுரிமை இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடன் இல்லை. எஸ்.பி.எம். முடிந்த பிறகு அலைந்தால் தாமதமாகிவிடும். பிள்ளை படிவம் ஒன்றில் இருக்கும்போதே ஆவணங்களைச் சரிபாருங்கள்.

பெற்றோர்களே, வெளிநாட்டுப் பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்குப் பார்த்து, கட்ட முடியும் என்றால் தைரியமாக அனுப்புங்கள். ஆனால் வசதியுள்ளவன் விரும்பிப் போகும் வழியில், நம் பிள்ளை வேறு வழியில்லாமல் கடனோடு போவது நியாயமா? அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு முதலில் மனுச் செய்யுங்கள். இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மறுப்புக் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் பத்திரப்படுத்துங்கள். வெறும் பேச்சை எவரும் மறுத்துவிடலாம். நூறு கடிதங்களை மேசையில் வைத்தால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்பது சலுகையல்ல, இந்த நாட்டுக் குடிமக்களின் உரிமை.