நம் பெயர்கள் திரையில் தெரிய வேண்டும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டை முன்னிட்டு எமது சங்கம் பழைய மலர்களையும் மாணவிகளின் பெயர்ப் பட்டியலையும் இணையத்தளத்தில் ஏற்ற இருக்கிறது. இடப்பெயர்வுகளில் எத்தனையோ பதிவேடுகள் தொலைந்தன. எம்மில் பலருக்கு அம்மாவும் அம்மம்மாவும் இங்கே படித்ததற்கு மலர்களில் அச்சான பெயரே எஞ்சியுள்ள சான்று. அந்தப் பெயர் டொரன்டோவிலும் மெல்பேர்ணிலும் உள்ள கைத்தொலைபேசிகளில் ஒழுங்காகத் தெரியுமா என்பதே இன்றைய விடயம்.

எமது கணினிப் பிரதிகளில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் உள்ளன. அச்சுக்கு அது இன்றும் அழகுதான். ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகியவற்றையே. பாமினி இல்லாத தொலைபேசியில் அவைதான் தெரியும். தளத்தோடு பாமினியையும் சேர்த்து அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். கண்ணுக்குத் தெரியும், தேடினால் அகப்படாது. அம்மம்மாவின் பெயரைத் தமிழில் தேடும் பேத்திக்கு அங்கே தமிழே இருக்காது. பார்வை குறைந்த சகோதரிகளுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளும் அதை வாசிக்காது.

ஆகவே முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுவோம். அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு. எழுத்துரு என்பது உடுத்தும் சீலை மட்டுமே. ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று. பாமினி விசைகளில் பழகிய கைகள் அஞ்ச வேண்டாம். அதே விசைகளைத் தட்டி யூனிகோடாகப் பதியும் மென்பொருள்கள் இலவசமாகவே உண்டு.

அடுத்து எழுத்துருத் தெரிவு. ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தது எது என்று வைத்தியர்கள் நாம் முன்கூட்டியே எண்ணி வைப்பதுண்டு. இங்கும் அப்படியே வரிசைப்படுத்துவோம். முதலில் தளத்தோடு சேர்ந்தே செல்லும் நோட்டோ சான்ஸ் தமிழ்; அது இலவசமானது. அது வந்து சேராவிட்டால் விண்டோஸில் நிர்மலா அல்லது லதா, அப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம். கடைசியில், கருவியில் உள்ள எதுவானாலும் சரி. சாதாரணம், தடிப்பு என இரண்டு வடிவங்கள் போதும். கூடினால் பக்கம் திறக்கத் தாமதமாகும்.

பரீட்சிக்க ‘கொ’, ‘கௌ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றை ஒரு பழைய தொலைபேசியில் பாருங்கள். யூனிகோடில் கொம்பு, மெய்க்குப் பின்னரே சேமிக்கப்படுகிறது. அதை இடப்பக்கம் கொண்டுவந்து காட்டுவதற்கு எழுத்துருவும் கருவியும் ஒத்துழைக்க வேண்டும். ‘ஸ்ரீ’யை இரண்டு விதமாகச் சேமிக்கலாம், பார்வைக்கு ஒன்றுபோலிருந்தாலும் தேடலில் வேறுபடும். ஸ்ரீயில் தொடங்கும் பெயர்கள் எம்மிடையே எத்தனை! ஒரே முறையைப் பின்பற்றுவோம்.

மாற்றும் வேலையைக் கணினி செய்யும். சரிபார்ப்பதை நாமே செய்யவேண்டும். பாமினிப் பிரதியின் இடையே வரும் ஆங்கிலச் சொற்களும் பொருளற்ற தமிழாக மாறிவிடுவதுண்டு. தசமப் புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகும். மெய்யெழுத்தின் புள்ளி தவறினால் பெயரே வேறொருவருடையதாகும். எனவே ஒவ்வொரு ஆண்டு அணியினரும் தத்தம் பட்டியலைப் பொறுப்பேற்று, தோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் திருத்தித் தாருங்கள். அவர்களின் முகங்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே இதைச் செய்து முடிப்போம்.